யார் கை அது

நூறு பெண்களில் தொண்ணூற்றாறு பேர் "மிக நன்று" என்று சொல்லியிருந்தார்கள். திரையில் அந்த எண் பெரிதாக வந்து நின்றதும் அரங்கத்தில் கைதட்டல் எழுந்தது. பர்ரான்கில்லா நகரத்தின் பழைய அரசு மகப்பேறு மருத்துவமனையில் பிள்ளை பெற்று வீடு திரும்பும் பெண்கள், தங்களை அங்கே எப்படி நடத்தினார்கள் என்று கேள்வித்தாளில் தாங்களே குறித்துக் கொடுத்த பதில்கள் அவை. மருத்துவ மாணவர்கள் தொழில் கற்கும் மருத்துவமனை அது. துறைத் தலைவர் டாக்டர் எர்னான் விலோரியா அடுத்த படத்துக்குப் போனார். மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட மதிப்பெண் அதில் இருந்தது. "நோயாளியிடம் மரியாதை" என்ற தலைப்பில் ஐந்துக்கு நாலே முக்கால். கைதட்டல் மறுபடியும் எழுந்தது.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த நொயெமி பரசாவும் கைதட்டினாள். அவள் பிரசவத் துறையில் மூன்றாம் ஆண்டு முதுநிலை மாணவி. அந்தக் கேள்வித்தாள் அவளுடைய ஆய்வேட்டின் பாதி. விலோரியாதான் அவளுக்கு நெறியாளர். மேடையிலிருந்து இறங்கியவர் அவள் தோளைத் தட்டி, இதை ஒரு நல்ல இதழில் போட்டுவிடலாம், பேர் வரிசையில் நீ இரண்டாவது என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் ரெபோலோ பேட்டையில் இருந்த தங்கை யுலீசாவின் வீட்டுக்குப் போனாள். கார்னிவல் திருவிழாவுக்கு இன்னும் சில வாரங்கள்தான். தெருமுனையில் மத்தளக்காரர்கள் ஒத்திகையில் இருந்தார்கள். யுலீசா பச்சைத் துவரையும் உப்புக்கண்டமும் போட்டு சூப் வைத்திருந்தாள். நகத்துக்குச் சாயம் பூசும் கடையில் அவளுக்கு வேலை. அந்தத் தெருவிலேயே வாய் அதிகம் அவளுக்குத்தான். ஐந்து மாதத்துக்கு முன்னால் அதே மருத்துவமனையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நொயெமி அப்போது சாந்தா மார்த்தா நகருக்குப் பயிற்சிக்குப் போயிருந்தாள்.

சாப்பிட்டுக்கொண்டே நொயெமி அரங்கத்தில் நடந்ததைச் சொன்னாள். பிறகு, செவ்வாய்க்கிழமை வா, பிரசவத்துக்கு அப்புறம் எடுக்க வேண்டிய கருப்பை வாய்ப் பரிசோதனையை நீ இன்னும் எடுக்கவில்லை, நானே எடுத்துவிடுகிறேன் என்றாள். யுலீசா கரண்டியைத் தட்டில் வைத்தாள். உங்கள் ஆஸ்பத்திரி வாசலை நான் இனி மிதிப்பதாக இல்லை என்றாள். நொயெமி விளையாட்டாக, தொண்ணூற்றாறு பேரில் நீயும் ஒருத்திதானே என்று கேட்டாள்.

"நீ எழுதின பேப்பர்தானா அது?" என்றாள் யுலீசா. "நல்லா இருந்துச்சு. மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே இழுப்புல முடிச்சுட்டேன்."

அப்புறம் அவள் சொன்னாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வது போலச் சொன்னாள். வலி வந்து படுத்திருந்தபோது விலோரியா ஒரு கூட்டத்தோடு வந்தாராம். முழங்கால்களின் மேல் ஒரு துணியைத் திரைபோலப் போட்டு, அந்தப் பக்கம் நிற்பவர்கள் முகம் தெரியாதபடி மறைத்தார்களாம். அதற்கப்புறம் கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்க்கக் கைகள் வரத் தொடங்கின. ஒன்று போனால் இன்னொன்று. எத்தனை என்று கேட்டதற்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று என்றாள்.

"ஒருத்தன் சொல்றான், 'எனக்கு ஒண்ணும் தட்டுப்படல சார்'னு. 'அப்ப மறுபடியும் விட்டுப் பாரு'ங்கறார் உங்க பெரியவர். என்னைப் பாத்து இல்லக்கா, அவனப் பாத்து. தொலைஞ்ச சாவிய பைக்குள்ள தேடற மாதிரி தேடறான். நான் அந்த ரூம்லயே இல்லாத மாதிரி."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"கத்தினேன். 'பண்ணும்போது கத்தலல்ல, இப்ப மட்டும் எதுக்குக் கத்தற'ன்னு ஒரு பொம்பளக் குரல் கேட்டுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் வாயே திறக்கல."

நொயெமி தட்டைத் தள்ளி வைத்தாள். அப்படியானால் தாளில் ஏன் அப்படிக் குறித்தாய் என்று கேட்டாள்.

"அந்த நர்ஸ் ஒரு கையில டிஸ்சார்ஜ் சீட்டு வச்சிருக்கா, இன்னொரு கையில உன் பேப்பர். எம்புள்ள இன்னும் அவங்க தொட்டில்ல கிடக்கு. நீயா இருந்தா எந்தக் கட்டத்துல போடுவ?"

யுலீசா குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுத்தாள். "முகம் எதுவும் தெரியலக்கா. அதுதான் ரொம்பக் கொடுமை. பஸ்ஸுல எவனாவது வெள்ளக் கோட்டோட ஏறினா, இவன் கையும் அதுல ஒண்ணான்னு பாத்துட்டே இருப்பேன்."

அடுத்த நாள் நொயெமி ஆய்வு அறையில் கட்டுக்கட்டாக இருந்த கேள்வித்தாள்களை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கணினியில் எண்களாக ஏறிய பிறகு அவற்றை அவள் கையால் தொட்டதில்லை. தாளுக்குத் தாள் ஒரே மாதிரிதான்: கடைசிக் கட்டத்தில் மேலிருந்து கீழாக ஒரே கோடு. நடுவில் ஒரு கேள்வி மட்டும் வேண்டுமென்றே தலைகீழாகக் கேட்கப்பட்டிருந்தது. "யாராவது உங்களை அதட்டினார்களா?" என்பது அந்தக் கேள்வி. கோடு அதன் மேலும் ஏறிப்போயிருந்தது. மருத்துவமனை மிக நன்று, ஆனால் எல்லோரும் எப்போதும் அதட்டினார்கள் என்று அதற்கு அர்த்தம். அந்தக் கேள்வி மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை, கணக்கைக் கெடுக்கிறது, எடுத்துவிடு என்று விலோரியா சொன்னதும், தானே அதை எடுத்துவிட்டதும் அவளுக்கு நினைவு வந்தது. யாரும் படிக்காமல் போட்ட கோடு என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கேள்விதான். அதைத்தான் களையென்று பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

அவளுக்குள் மூண்ட கோபம் சத்தம் போடுகிற கோபம் அல்ல. வேலை செய்கிற கோபம். ஆய்வின் இரண்டாம் பகுதியாக, அங்கே பிள்ளை பெற்றுப் போகும் பெண்களிடம், ஆறு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்கே போய்க் கேட்கப்போவதாக ஒரு திட்டம் எழுதினாள். விலோரியா அதன் முதல் பக்கத்தை மட்டும் பார்த்தார். வீட்டுக்குப் போய்க் குழந்தையோடு இருக்கும்போது கேட்டால் தொண்ணூற்றாறு தொண்ணூற்றெட்டாகும் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மருத்துவமனையின் ஆய்வு அறநெறிக் குழுவும் ஒப்புக்கொண்டது.

கேள்விகளை அவள் மாற்றினாள். "மரியாதையாக நடத்தினார்களா" என்று கேட்கவில்லை. மரியாதை என்பது ஆளுக்கொரு அளவு. வாழ்நாளெல்லாம் அதட்டலுக்குப் பழகியவளுக்கு, அதட்டாத ஒரு நிமிடமே மரியாதையாகத் தெரியும். அதனால் நடந்ததை மட்டும் கேட்டாள். உங்களைப் பரிசோதித்தது யார், பேர் சொன்னாரா, செய்வதற்கு முன் உங்களைக் கேட்டாரா, வேண்டாமென்று சொல்லலாம் என்று உங்களுக்குத் தெரியுமா. வெள்ளைக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஜீன்ஸோடு, மழை வந்தால் ஆறாகிவிடும் அந்தத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். தான் அதே மருத்துவமனையில் படிக்கிறவள் என்பதை மறைக்கவில்லை. ஒருத்தி அதைக் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருத்தி பேசிக்கொண்டே இருந்தவள், கணவன் வந்ததும் பேச்சைப் பாலின் விலைக்கு மாற்றினாள். ஒரு பள்ளி ஆசிரியை, படிக்கிற ஆஸ்பத்திரி என்றால் நம் உடம்பைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், அப்படி இல்லையா என்று கேட்டாள்.

மாரெல்விஸ் என்பவள் மீன் பொரித்து விற்கிறவள். இது அவளுக்கு நாலாவது பிள்ளை. நொயெமி கேட்டபோது அவள் எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேர் சொன்னாங்களான்னா கேக்கற? ஏன் ராசாத்தி, கை எங்கயாவது பேர் சொல்லுமா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்து முடித்ததும் அடுப்பை அணைத்தாள். தையல் போட்டபோது மரத்துப்போகிற மருந்து ஏறவே இல்லை, சொன்னேன், கேட்கவில்லை, பக்கத்தில் நின்ற மாணவி மட்டும் அழுதாள் என்றாள். அந்தப் பெண்ணையும் வெளியே அனுப்பிவிட்டார்களாம், அழுகிறவள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று.

வீடுகளெல்லாம் முடிந்தபோது கணக்கு வேறாக இருந்தது. பத்தில் எட்டுப் பேருக்கு, தங்களுக்குள் கை விட்டது யார் என்றே தெரியாது. கேட்டுவிட்டுச் செய்தார்கள் என்று சொன்னவர்களை இரண்டு கை விரல்களுக்குள் அடக்கிவிடலாம். அதே வாரங்களில் அதே வார்டில் வேலை பார்த்த மாணவர்களிடமும் பெயர் எழுதாமல் நிரப்பும்படி ஒரு தாளைக் கொடுத்தாள். "பரிசோதிக்கும் முன் அனுமதி கேட்பீர்களா?" என்ற கேள்விக்கு, ஏறக்குறைய எல்லோருமே "எப்போதும்" என்று குறித்திருந்தார்கள்.

விலோரியாவின் அறைக்கு அவள் இந்த இரண்டு கணக்கையும் கொண்டுபோனாள். அவர் நிதானமாகப் படித்தார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நல்ல உழைப்பு," என்றார். "ஆனா இது அவங்களே சொன்னது, நொயெமி. புள்ளப்பெத்து ஆறு வாரம், தூக்கம் கிடையாது, மனசு ஒரு நிலையில இருக்காது. அவங்க உணர்ச்சியத்தான் சொல்லியிருக்காங்க. அத ஆதாரம்னு வச்சுக்க முடியாது."

"முதல் தாளும் அவங்களே சொன்னதுதான டாக்டர்? அதுக்குக் கைதட்டினோமே."

"அது சரிபார்த்த கேள்வித்தாள்."

"அப்ப உங்க பசங்க தங்களுக்குத் தாங்களே நாலே முக்கால் போட்டுக்கிட்டாங்களே, அது எந்தக் கணக்குல சேத்தி?"

"அவங்க பயிற்சி எடுத்தவங்க," என்றார் விலோரியா. "எதப் பாக்கணும்னு அவங்களுக்குத் தெரியும்." அவளுடைய தாள்களை மூடி வைத்தார். பிறகு, அன்பாகவே சொன்னார்: "நீயும் இப்படித்தான கத்துக்கிட்ட? உன் கை மாதிரி கை இந்த டிபார்ட்மென்ட்ல இல்ல. யாரோட உடம்புலதான் கத்துக்கிட்டன்னு நினைக்கற?"

அந்தக் கேள்வி அவளை அறைந்தது. உண்மை என்பதால் அறைந்தது. யார் யாருடைய உடம்பு என்று அவளுக்கும் தெரியாது. அவளும் பேர் கேட்டதில்லை. ஆனால் அதைக் காட்டி அவர் தன் வாயை அடைக்கப் பார்க்கிறார் என்பது அடுத்த நொடியே புரிந்தது. அவமானத்தைக் கூட இவர் ஒரு கயிறாகத் திரித்து வைத்திருக்கிறாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டாம் பகுதியை எடுத்துவிடு, இல்லையென்றால் என் கையெழுத்தை எடுத்துவிடுவேன் என்று அவர் சொன்னபோது, அவள் எழுந்து நின்று, எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

ஆய்வேட்டுத் தேர்வு நெறியாளரின் கையெழுத்து இல்லாமலேயே நடந்தது; மூன்று பேர் குழுவாக உட்கார்ந்தார்கள். இரண்டு பேர் உள்ளூர்க்காரர்கள், விலோரியாவிடம் படித்தவர்கள். மூன்றாமவர் மெதெயீன் நகரிலிருந்து வந்த டாக்டர் பியெதாத் ஒஸ்பினா. பெண்கள் நலத்தில் பேர் பெற்றவர். நொயெமியின் நம்பிக்கையெல்லாம் அவர் மேல்தான் இருந்தது. அவள் இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். பெண்கள் சொன்னதும் மாணவர்கள் சொன்னதும் ஒரே கட்டிலைப் பற்றியது, இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது, இதுவரை இந்த மருத்துவமனை எது உண்மை என்று பார்த்ததே இல்லை, யார் சொன்னது என்று மட்டுமே பார்த்திருக்கிறது என்றாள். ஒஸ்பினா தலையை ஆட்டியபடி குறிப்பெடுத்தார்.

முடிவு மூன்று கையெழுத்தோடு வந்தது. கேள்விகள் சரிபார்க்கப்பட்ட ஆய்வுக் கருவி அல்ல, ஆய்வேடு ஏற்கப்படவில்லை, ஓராண்டு கழித்து வேறு தலைப்பில் வரலாம்.

தாழ்வாரத்தில் ஒஸ்பினா அவளைத் தனியே இழுத்தார். "நீ சொன்னது அத்தனையும் நிஜம், மகளே. என் காலத்துலயும் இதேதான். ஆனா கருவி பலவீனமா இருக்கு. நான் கையெழுத்துப் போடலன்னா என்னையும் சேத்து கேள்வி கேப்பாங்க."

"நிஜம்னு தெரிஞ்சும் போட்டீங்க," என்றாள் நொயெமி. "தெரியாதவங்க போட்டிருந்தா நான் பேசாம வீட்டுக்குப் போயிருப்பேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிற்கவில்லை.

பதில் சொன்ன பெண்களுக்கு முடிவைச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தாள். ரெபோலோவில் தேவாலயத்துக்குப் பக்கத்துக் கூடத்தைக் கேட்டு வாங்கி, பேர் எதுவும் இல்லாமல், கணக்கை மட்டும் சாதாரணப் பேச்சில் வாசித்தாள். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் கேட்டார்கள். யுலீசாவும் பின்வரிசையில் இருந்தாள். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைத்துக்கொண்டிருந்ததை மற்றவர்கள் முகத்தில் பார்த்தார்கள். மாரெல்விஸ்தான் முதலில் எழுந்தாள். பேர் இல்லாமல் நீ வாசித்தாய், அது உன் கடமை, எனக்குப் பேர் இருக்கிறது, நான் எழுதிக் கொடுக்கிறேன் என்றாள். எழுத்தில் கேட்டால் அரசு எழுத்தில் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்று அந்த நாட்டில் சட்டம் உண்டு. யுலீசா எழுந்து போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். விண்ணப்பத்தை அந்தக் கூடத்திலேயே எழுதினார்கள். வாக்கியங்கள் யுலீசாவுடையவை. நொயெமி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

விண்ணப்பம் சுகாதார அலுவலகத்துக்குப் போயிற்று, உள்ளூர் வானொலிக்கும் போயிற்று. மழைக்காலம் தொடங்குவதற்குள் மருத்துவமனையில் புது விதி வந்தது. பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு ஒரு மாணவர்தான். பேர் சொல்லி, கேட்டு, அவள் சரியென்றால்தான். விதியைச் செய்தியாளர்களுக்கு அறிவித்தவர் விலோரியா. இது தன் துறையின் நெடுநாள் முயற்சி என்றார். நாளிதழில் அவர் படம் வந்தது. யுலீசா அந்தத் தாளை வாங்கி வந்து, அதிலேயே மீனைச் சுற்றச் சொல்லி மாரெல்விஸிடம் கொடுத்தாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். நொயெமிக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த ஒரு வருடமும் அவள் கர்ப்பிணிகளுக்கு நடந்த குடல்வால் அறுவை பற்றி, பழைய பதிவேடுகளை வைத்து ஓர் ஆய்வேடு எழுதினாள். யாரையும் எதுவும் கேட்கத் தேவையில்லாத ஆய்வு. அது மறுபேச்சின்றி ஏற்கப்பட்டது. பட்டம் வாங்கும் முன்பு விலோரியா அவளைக் கூப்பிட்டனுப்பினார். விதிக்கு முன், விதிக்குப் பின் என்று ஒரு கட்டுரை எழுதப்போகிறேன், உன்னுடைய அந்த வீட்டுக் கணக்கு "முன்" என்பதற்குப் பொருத்தமாக இருக்கும், உன் பேரையும் சேர்த்துவிடலாம் என்றார். சரிபார்க்காத கருவி ஆயிற்றே என்று அவள் கேட்டாள். இப்போது காலம் மாறியிருக்கிறது என்றார். பெண்கள் தந்தது எனக்கு, உங்களுக்கு அல்ல, தரமாட்டேன் என்றாள். மருத்துவமனைக் கணினியில் இருப்பது மருத்துவமனையுடையது என்று அவர் தோளைக் குலுக்கினார். அவர் சொன்னதே நடந்தது. கட்டுரை வந்தபோது அவள் சபனலார்காவில், ஒரு சிறிய ஊர் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். கட்டுரையின் கடைசி அடிக்குறிப்பில் நன்றி என்று அவள் பேர் இருந்தது. பரசா என்பதில் ஓர் எழுத்துப் பிழை.

சேர்ந்த மூன்றாவது வாரத்தில் ஒரு காலையில், பரிசோதனை அறைக் கதவைத் திறந்தாள். மேசையில் ஒரு பெண் முழங்காலை இறுக்கிச் சேர்த்துப் படுத்திருந்தாள். பயிற்சிக்கு வந்த மாணவன் ஒருவன் கையுறை போட்டுத் தயாராக நின்றான்.

"உன் பேரச் சொன்னியா அவங்ககிட்ட?"

"இல்ல டாக்டர். நிறையப் பேர் வெளிய காத்திருக்காங்க, அதான்."

நொயெமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கையுறையக் கழட்டு. வெளிய போய் கதவத் தட்டு. அவங்க வரச்சொன்னா வா. பேரச் சொல்லு. அப்புறம் கேளு."

அவன் காது சிவக்க வெளியே போனான். கதவு தட்டும் சத்தம் கேட்டது. அந்தப் பெண் வரச்சொன்னதும் உள்ளே வந்து, பேரைச் சொல்லி, திக்கித் திக்கிக் கேட்டான்.

அந்தப் பெண் அவனைப் பார்த்தாள். அப்புறம் நொயெமியைப் பார்த்தாள். தண்டனை எதுவும் உண்டா என்று தேடுகிற பார்வை.

"எனக்கு வேண்டாம்," என்றாள். "இவர் வேண்டாம்."

"சரி," என்றாள் நொயெமி. மாணவனுக்குக் கதவைத் திறந்துவிட்டாள். பிறகு திரும்பி வந்து, கையைக் கழுவி, தன் பேரைச் சொன்னாள்.